அணைக்குப் போகாத பதில்

குரு என்றதும் வெள்ளைத் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் கதையில் குரு தங்கபுஷ்பம் டீச்சர். வயது முப்பத்தைந்தைத் தாண்டாது. காலில் ரப்பர் செருப்பு, கையில் ஒரு டப்பா பொரிகடலை, பேச்சு அளந்துதான் வரும். சீடர் மாசிலாமணிக்கு அவரைவிட இருபது வயது கூடுதல். ரயில்வேயில் டிக்கெட் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டரில் யூனிக்ஸ் படிக்கிறேன் என்று வந்து உட்கார்ந்த மனிதர். அவர் டீச்சர் என்பார், டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார். இதில் இரண்டு பேருக்கும் ஒரு கூச்சமும் கிடையாது. ஊருக்குத்தான் கொஞ்ச நாள் சிரிப்பாக இருந்தது.

பாடம் நடப்பது ஆற்றங்கரையில், வெள்ளக் கூடத்து மாடியில். வெள்ளம் வந்தால் ஊர்ச்சனம் ஏறி உட்காரக் கட்டிய கூடம் அது. வெள்ளம் என்ன தினமுமா வருகிறது? சும்மா கிடக்கிற கட்டடம்தானே என்று டீச்சர் கேட்டு வாங்கி, வருகிறவர்களுக்கு அங்கே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

கூடத்தின் உச்சியில் ஒரு சைரன். அதை ஊத வைக்கிற லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று மாடியின் மூலையில் இருந்தது. மலையடியில் குமிழிப்பாறை அணை. அணையில் உள்ள கம்ப்யூட்டர் நிமிடத்துக்கு ஒரு தரம் தண்ணீர் மட்டத்தை இந்தப் பெட்டிக்குச் சொல்லும். ‘வந்து சேர்ந்தது’ என்று பெட்டி பதில் சொல்ல வேண்டும். இந்தப் போக்குவரத்து ஒழுங்காக நடந்தால்தான், மதகைத் திறக்கும்போது அங்கிருந்தபடியே இந்தச் சைரனை ஊத வைக்க முடியும். சைரன் ஊதினால்தான் ஆற்று மணலில் இருக்கிறவர்கள் கரையேறுவார்கள்.

அன்றைக்கு மாலை நாலு மணிக்கு மதகைத் திறப்பதாக இருந்தது. மலையில் பேய் மழை. கீழே ஆற்றில் பார்த்தால் சொட்டுத் தண்ணீர் கிடையாது. வாத்து மேய்க்கிறவர்கள் குடும்பம் குடும்பமாக மணலில் கூடாரம் போட்டிருந்தார்கள். அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. மணல் தெரியாத அளவுக்கு வாத்து.

பெட்டியிலிருந்து அணைக்குப் பதில் போகவில்லை.

போன வாரம் விழுந்த இடியில் பழைய பெட்டி கருகிவிட்டது. நேற்றுப் புதுப் பெட்டியைக் கொண்டு வந்து வைத்தவரும், அதற்கான விவரங்களையெல்லாம் தட்டி வைத்தவரும் மாசிலாமணிதான். ‘அண்ணாச்சி பார்த்துக்கிடுவாரு’ என்று ஊரே அவரை நம்பி விட்ட காரியம். சைரன் ஊதாமல் தண்ணீர் வந்துவிட்டால் என்று நினைக்கிறபோதெல்லாம் எழுந்து போய்ப் பெட்டியின் வயர்களைத் தொட்டுப் பார்த்தார். காலையில் வைத்த இட்லி அப்படியே இருந்தது.

“கோளாறு அணைப் பக்கம்தான் டீச்சர்,” என்றார். “அங்க டூட்டில இருக்கது யாரு? என் தம்பி சொரிமுத்து. அவன் சின்னதுலேர்ந்தே அப்பிடித்தான். எதையாவது பிடுங்கி விட்டிருப்பான்.”

“அவருட்ட கேட்டீயளா?”

“அவன்ட்ட என்னத்தக் கேக்க? நம்ம பயதான. காலையிலேர்ந்து அவனே போன் மேல போன் போடுதான். எடுத்தா லேசுல விட மாட்டான். வேலை முடியட்டும், பேசிக்கிடலாம்னு வச்சிருக்கேன்.”

சொல்லி வாய் மூடவில்லை, மேசைமேல் போன் நடுங்கியது. மாசிலாமணி அதைக் கவிழ்த்து வைத்தார். அணையில் வேலை பார்க்கிற ஆள் அணையைப் பற்றிச் சொல்லத்தான் கூப்பிடுவான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. படித்த மனிதர்தான், என்ன செய்ய? அவருக்குத் தம்பி என்றால் ‘சாப்பிட்டியாண்ணே, அங்க மழை பெய்யுதா’ என்று கேட்கிற ஆள். அதற்கு எப்போது பதில் சொன்னால் என்ன.

டீச்சர் பொரிகடலையைக் கொறித்துக்கொண்டிருந்தார். மாசிலாமணியின் கை பெட்டியின் சுவிட்ச் பக்கம் போனதும்தான் வாயைத் திறந்தார்.

“கைய எடுங்க.”

“ஒரு தடவை அமத்திப் போட்டா சரியாயிரும் டீச்சர்.”

“சரியாயிட்டா, எது சரியாச்சுன்னு தெரியாமப் போயிரும்.”

மாசிலாமணி கையை எடுத்துக்கொண்டார்.

“எது வரைக்கும் போகுதுன்னு மொதல்ல பாருங்க,” என்றார் டீச்சர்.

இதற்கென்று ‘பிங்’ என்று ஒன்று உண்டு. இங்கிருந்து ‘இருக்கீயளா’ என்று ஒரு குரல் கொடுப்பது. அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தால் ‘இருக்கேன்’ என்று சொல்லும். மாசிலாமணி முதலில் சுவரில் தொங்கிய சின்ன டப்பாவுக்குக் குரல் கொடுத்தார். அதற்குப் பெயர் கேட்வே. கூடத்துக்கு அதுதான் வாசல், வெளியே போகிற எதுவும் அது வழியாகத்தான் போக வேண்டும். இருக்கேன் என்றது. சென்னைக்குக் கொடுத்தார். இருக்கேன். அப்புறம் பின்லாந்துக்கு.

பின்லாந்து எதற்கு என்றால், அங்கே அவருக்கு ஒரு சிநேகிதர். முகம் பார்த்தது கிடையாது. யூனிக்ஸில் சந்தேகம் வந்தால் மாசிலாமணி அவருக்குத்தான் எழுதுவார். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, அங்கே பனி எப்படி இருக்கிறது என்று விசாரித்து, அடித்துத் திருத்தி, இரண்டு தரம் வாசித்துப் பார்த்து அனுப்புவார். பதில் வந்தால் அன்றைக்கே நன்றி சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

பின்லாந்தும் இருக்கேன் என்றது.

கடைசியாக அணைக்குக் குரல் கொடுத்தார். திரை அப்படியே நின்றது. ஒரு பதிலும் இல்லை.

மாசிலாமணிக்குப் பயம் ஒரு பக்கம் இருந்தாலும் இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

“இது என்ன கூத்தா இருக்கு டீச்சர்? ஊர் உலகத்துக்கெல்லாம் போகுது. பைக்ல போனா ஒரு மணி நேரத்துல தொடுத அணைக்குப் போக மாட்டேங்கு. ஏன்?”

டீச்சர் பொரிகடலை டப்பாவை மூடினார். “டீ குடிச்சா நல்லாருக்கும். மூக்காண்டியைக் கூப்பிடுங்க.”

மாசிலாமணிக்கு எரிச்சலாகத்தான் வந்தது. நாலு மணிக்கு மதகு திறக்கிறான், இந்த அம்மாவுக்கு டீ கேட்கிறது. ஆனாலும் எழுந்து பின்பக்கத்துச் சன்னலுக்குப் போனார். கூடத்துக்குப் பின்னாலேயே மூக்காண்டியின் டீக்கடை. சன்னலில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் டீ மேலே வந்துவிடும்.

“மூக்காண்டி, ரெண்டு டீ.”

பதில் இல்லை.

“ஏ மூக்காண்டி.”

ஆற்று மணலில் வாத்துக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். மூக்காண்டியைக் காணோம். மாசிலாமணி அடிவயிற்றிலிருந்து இன்னொரு சத்தம் கொடுத்தார். வாத்துகள்தான் கத்தின.

“இன்னைக்குக் கடை போடலபோல,” என்று திரும்பினார்.

“போட்டிருக்காரு. நல்ல வியாபாரம்.”

“எங்க?”

“பாலத்துக்கு அந்தப் பக்கம். கடைய மாத்தி நாளாச்சு.”

மாசிலாமணி சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். கடை இருந்த இடத்தில் ஒரு ஆடு படுத்திருந்தது.

“அப்ப நான் தெனமும் குடிக்குத டீ?”

“நான் வரும்போது பிளாஸ்க்ல வாங்கிட்டு வாரது.”

“எனக்கு ஒருத்தரும் சொல்லலியே டீச்சர்.”

“மூக்காண்டியே சொன்னாரு. நீங்க ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே ‘சரி சரி’ன்னீய.”

மாசிலாமணிக்கு வெட்கமாகிவிட்டது. “பாலத்துக்கு அந்தப் பக்கம்னா, படி இறங்கி வாசல் வழியால்லா போகணும். நான் கிறுக்கன் மாதிரி இங்கன நின்னு கத்திக்கிட்டு இருக்கேன்.”

“பின்லாந்துக்காரரை இப்பிடி சன்னல்ல நின்னு கூப்பிடுவீயளா?”

“அதெப்பிடி? அவரு தூரம்னு தெரியும்லா.”

“மூக்காண்டி?”

“பக்கத்துலதான் இருக்காருன்னு நெனச்சேன்.”

டீச்சர் மூலைப் பெட்டியைக் காட்டினார். “அது அணையை எங்க இருக்குன்னு நெனச்சிக்கிட்டு இருக்கு? கேட்டுப் பாருங்க.”

மாசிலாமணி பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வந்து உட்கார்ந்தார். பெட்டியிடம் வழி கேட்கிறதற்கும் ஒரு கட்டளை உண்டு. பின்லாந்துக்கு எப்படிப் போவாய் என்று கேட்டார். வாசல் வழியாக என்றது. சென்னைக்கு? வாசல் வழியாக. அணைக்கு?

வாசலைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்தத் தெருவிலேயே இருக்கிறது, நேராகக் கொடுத்துவிடுவேன் என்றது பெட்டி.

“அடப்பாவி,” என்றார் மாசிலாமணி, மெதுவாக.

“வயர்ல என்ன பேச்சு நடக்குன்னு பாருங்க,” என்றார் டீச்சர்.

அதையும் திறந்தார். பெட்டிக்குள் வருகிறது போகிறது எல்லாம் வரி வரியாகத் திரையில் ஓட ஆரம்பித்தது. பெட்டி கூடத்துக்குள்ளேயே நின்று கூவிக்கொண்டிருந்தது. அணை யாரு, அணை யாரு, எனக்குச் சொல்லுங்க. கூடத்துக்குள் அணை எங்கே இருக்கிறது? யாரும் வாய் திறக்கவில்லை. திரும்பவும் கூவியது. வாசலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கூவலுக்கு நடுவே வேறு மாதிரி ஒரு வரி வந்தது. மாசிலாமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த நிமிடம் அதே மாதிரி இன்னொன்று. அதற்கடுத்த நிமிடமும்.

“டீச்சர், இது அணையிலேர்ந்து வருது.”

“ஆமா.”

“தண்ணி மட்டம் வந்துக்கிட்டேதான் இருக்கு. அவன் அனுப்பிக்கிட்டேதான் இருந்திருக்கான்.”

“அவரு அனுப்பினதெல்லாம் வந்திருக்கு. இங்கேர்ந்து பதில்தான் போகல.”

காலையிலிருந்து தம்பியைத் திட்டிய திட்டெல்லாம் மாசிலாமணிக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. ஒரு பதிலும் கிடைக்காமல் நிமிடத்துக்கு நிமிடம் அங்கிருந்து வருகிற அந்த ஒற்றை வரியைப் பார்க்கப் பார்க்க அவருக்கு என்னவோ செய்தது. மனசு கேட்கவில்லை.

ஆனால் உட்கார்ந்து வருத்தப்பட நேரம் இல்லை. விவரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் நெட்மாஸ்க்கில் வந்து நின்றார். ஒரு கம்ப்யூட்டரின் எண்ணில் எது வரைக்கும் தெருவின் பெயர், எதற்கு மேல் வீட்டு எண் என்று கிழிக்கிற கோடுதான் நெட்மாஸ்க். கூடத்தின் எண் பத்து, ஏழு, பன்னிரண்டு, ஐந்து. அணையின் எண் பத்து, ஏழு, நாற்பது, ஐந்து. கோட்டை மூன்றாவது எண்ணுக்குப் பிறகு கிழித்திருந்தால் இது ஒரு தெரு, அது வேறு தெரு. மாசிலாமணி இரண்டாவது எண்ணுக்குப் பிறகே கிழித்துவிட்டிருந்தார். பத்து ஏழு என்று தொடங்குகிற அத்தனையும் ஒரே தெரு என்றாகிவிட்டது.

“நான்தான் டீச்சர். நான் போட்டதுதான்.”

“ஏன் அப்பிடிப் போட்டீய?”

“ரெண்டும் பத்து ஏழுன்னுதான ஆரம்பிக்கு. கூடமும் நம்மது, அணையும் நம்மது. அங்க இருக்கது என் கூடப் பொறந்தவன். அவனுக்கும் நமக்கும் நடுவுல என்ன கோடுன்னு தோணிச்சு.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். “பிரியமாத்தான் போட்டேன்.”

“பிரியமாத்தான் போட்டிருக்கீய,” என்றார் டீச்சர். அவர் கேலி பண்ணவில்லை.

மாசிலாமணி கோட்டை மாற்றினார். ஒரு தடவை தப்பாகத் தட்டி அழித்தார். மறுபடி வழி கேட்டார். அணைக்கு எப்படிப் போவாய்? வாசல் வழியாக என்றது பெட்டி. குரல் கொடுத்தார். கண் மூடித் திறப்பதற்குள் அணை இருக்கேன் என்றது. அடுத்த நிமிடம் தண்ணீர் மட்டம் வந்தது, அதன் பின்னாலேயே ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் கிளம்பிப் போனது.

மாசிலாமணி நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். “முடிஞ்சுது டீச்சர்.”

“எழுதி வச்சீயளா?”

“எதை?”

“இப்ப வாயால சொல்லியிருக்கீய. கரண்ட் போய் வந்தா அது மறந்துரும். திரும்ப ஒரே தெருன்னுதான் எந்திரிக்கும்.”

மாசிலாமணி நாக்கைக் கடித்துக்கொண்டு, பெட்டி எழுந்திருக்கும்போது வாசிக்கிற கோப்பைத் திறந்து, அங்கேயும் திருத்தி வைத்தார். பிறகு எழுந்து காலை உதறிக்கொண்டு சன்னல் பக்கம் போய் நின்றார். மணலில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஊதப் போகுதம்மா, கேட்டதும் ஏறிரு என்று மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

கீழே பைக் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. படியேறி வந்தது சொரிமுத்து. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. முழங்கால் வரை சேறு. வாசலிலேயே நின்றுகொண்டான். அண்ணன் எதிரே சன்னலோரம் நிற்கிறார், கண்ணுக்குத் தெரிகிறார். ஆனாலும் டீச்சரைப் பார்த்துத்தான் கேட்டான்.

“அண்ணன் இருக்காகளா டீச்சர்?”

“இருக்காரு. சொல்லுங்க.”

“சைரன் பெட்டி பதில் தரல. காலையிலேர்ந்து அண்ணனுக்குக் கூப்பிட்டுப் பாத்துட்டேன். வேலையா இருப்பாகபோல. நான் போய்ப் பாத்துட்டுச் சொல்லுத வரைக்கும் மதகைத் தொட்டுராதீயன்னு எஞ்சினியர் காலப் பிடிக்காத குறையாக் கேட்டுட்டு வந்திருக்கேன். அங்க கூட்டாளி ஒருத்தன் உக்காந்திருக்கான். சைரன் ஊதாட்டா, கரையோரமா பைக்க ஓட்டிக்கிட்டே கத்தியாவது இவங்கள ஏத்திரலாம்னு வந்தேன்.”

“அதெல்லாம் சரியாயிட்டுடே,” என்றார் மாசிலாமணி சன்னலிலிருந்து. “இப்பதான் சரி பண்ணினேன்.”

சொரிமுத்து அந்தப் பக்கம் திரும்பவில்லை. “அப்பிடியா டீச்சர்?”

“உங்க கூட்டாளியக் கேளுங்க.”

அவன் போன் போட்டான். அந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்கக் கேட்க முகம் கொஞ்சம் இளகியது. “பதில் வருதாம். சரி, அப்ப ஊதிரு,” என்றான்.

தலைக்கு மேலே சைரன் எழுந்தது. சன்னல் கதவு அதிர்ந்தது. டப்பாவுக்குள் பொரிகடலை குதித்தது. மணலில் அடுப்புகளை விட்டுவிட்டு ஆள்கள் எழுந்தார்கள். துணி உலர்த்திய பெண் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். கூடாரங்கள் சரிந்தன. கம்புகள் நீண்டன, வாத்துக் கூட்டம் மொத்தமும் கரையைப் பார்த்துத் திரும்பியது. ஒருத்தர் விடாமல் ஏறுகிற வரைக்கும் மாசிலாமணி பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு வாத்து எது ஆள் எது என்று தெரியவில்லை.

சைரன் ஓய்ந்தது.

“சரி டீச்சர்,” என்றான் சொரிமுத்து. “நான் போய் எஞ்சினியர்ட்ட சொல்லணும். வாரேன்.” மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு படியைப் பார்த்துத் திரும்பினான்.

“ஏ சொரி, இருடே,” என்றார் மாசிலாமணி. “டீ குடிச்சிட்டுப் போ.”

அவன் நிற்கவில்லை.

“ஏ சொரிமுத்து, உன்னத்தான்.”

செருப்புச் சத்தம் படியில் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. மாசிலாமணி டீச்சரைப் பார்த்தார். முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகியிருந்தது.

“இவ்வளவு கூப்பிடுதேன், காதுல விழாத மாதிரி போறான் டீச்சர். ஏன் திரும்ப மாட்டேங்கான்?”

டீச்சர் டப்பாவைத் திறந்து ஒரு கைப்பிடி பொரிகடலை எடுத்துக்கொண்டார்.

“சன்னல்ல நின்னு கூப்பிடுதீய, அண்ணாச்சி. வாசல் அந்தப் பக்கம்.”